ஏழு கிலோவும் வாசலில் ஓர் எடை இயந்திரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர் செல்லும் குறைந்த கட்டண விமானங்கள் பலவற்றில் அடிப்படைக் கட்டணத்துக்குக் கைப்பை மட்டுமே அனுமதி என்பதும், அதன் எடை பெரும்பாலும் 7 கிலோ, சில நிறுவனங்களில் 10 கிலோ என்பதும் அடிக்கடி போய்வருபவர்களுக்குத் தெரிந்ததே. பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கோ பத்துமலைத் தைப்பூசத்துக்கோ முதன்முறையாக விமானம் ஏறும் பெரியவர்களுக்கு இது தெரிவதில்லை. டிக்கெட்டில் அந்த விவரம் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் கிடக்கிறது. இதனால் கவுன்ட்டர் முன்னால் தரையில் பெட்டியைப் பரப்பி, எதை எடுப்பது, எதை விடுவது என்று தவிக்கும் குடும்பங்களைத் திருச்சி விமான நிலையத்தில் வழக்கமாகப் பார்க்கிறோம். அந்த இடத்தில் கட்டும் கூடுதல் கட்டணமோ, முன்கூட்டியே இணையத்தில் கட்டுவதைவிட அதிகம்.

ஒரு வாரப் பயணத்துக்கு 7 கிலோ தாராளமாகப் போதும் என்பதே என் கருத்து. அந்த எடையில் பெரும்பங்கை விழுங்குவது துணிமணி அல்ல, பெட்டிதான். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி காலியாகவே மூன்று கிலோவை நெருங்கிவிடும். அதற்குப் பதில் ஒரு கிலோவுக்குள் அடங்கும் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டால், இரண்டு கிலோ நம் கணக்கில் மிச்சம். அடுத்தது துண்டு. நனைந்தால் நாளெல்லாம் காயாத டர்க்கி டவலை விட்டுவிட்டு ஈரிழைத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டால், இரவில் அலசிப் போட்டது காலையில் காய்ந்திருக்கும். அந்த ஊர்களில் ஆண்டு முழுவதும் நம் ஊர் வெயிலும் புழுக்கமும்தான் என்பதால் கம்பளி உடைக்கு வேலையே இல்லை. குளிர்சாதன அறைக்கு ஒரு சால்வை போதும். பட்டுப்புடவை கட்டாயம் வேண்டுமென்றால் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, மற்ற நாள்களுக்குச் சுங்குடியோ வாயில் புடவையோ வைத்துக்கொள்ளலாம். கனமான செருப்பையும் ஷூவையும் பைக்குள் திணிக்காமல் காலில் போட்டுக்கொண்டு போவதே புத்திசாலித்தனம்.

உண்மையான சிக்கல் சாப்பாட்டில் இருக்கிறது. இங்கிருந்து வெளிநாடு செல்லும் விமானங்களில் திரவப் பொருள் 100 மில்லிக்கு மேற்பட்ட கொள்ளளவுள்ள பாத்திரத்தில் இருந்தால் கையில் கொண்டுபோக முடியாது. 200 மில்லி புட்டியில் கால்வாசி எண்ணெய்தான் இருக்கிறது என்று வாதாடியும் பயனில்லை, ஏனெனில் அவர்கள் பார்ப்பது புட்டியின் அளவை. திரவ வெடிபொருள்களை விமானத்தில் கடத்தும் சதி 2006 ஆகஸ்டில் லண்டனில் அம்பலமானதைத் தொடர்ந்து வந்த கட்டுப்பாடு இது. பாதுகாப்புச் சோதனையில் நெய், தேங்காய் எண்ணெய், தொக்கு, ஊறுகாய் எல்லாம் திரவக் கணக்கில்தான் சேரும். மாகாளிக் கிழங்கு ஊறுகாயைக் குப்பைக்கூடையில் போடச் சொல்லும்போது ஒரு தாயின் முகம் போகும் போக்கைப் பார்த்தவர்கள், அடுத்த முறை பருப்புப்பொடியும் முறுக்கும் மட்டுமே கட்டிக் கொடுப்பார்கள். அக்கம்பக்கத்தார் "எங்க பிள்ளைக்கும் கொஞ்சம்" என்று நீட்டும் பொட்டலத்தை வேண்டாம் என்று சொல்லும் துணிவும் வேண்டும்; நாம் கட்டாத பொருளுக்குச் சோதனையில் நாம் பதில் சொல்ல நேரும்.

பவர் பேங்க்கை மட்டும் கண்டிப்பாகக் கையில்தான் வைத்திருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. விமான நிறுவனத்திடம் தனி அனுமதி கேட்காமல் கொண்டுபோகும் வரம்பு 100 வாட்-அவர் (மின்கலம் தேக்கும் ஆற்றலின் அளவு). கடைகளில் கிடைக்கும் 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஏறக்குறைய 74 வாட்-அவர்தான் என்பதால் பயமில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் அதன் குறைந்த கட்டண நிறுவனமான ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் முதல் அதைப் பறக்கும்போது பயன்படுத்தவும் தடை விதித்துள்ளன. இருக்கைக்கு மேலே இடம் நிறைந்துவிட்டால், ஏறும் வாயிலில் வைத்தே கைப்பையை வாங்கிச் சரக்கறைக்கு அனுப்புவதும் உண்டு. அந்த நேரத்தில் பவர் பேங்க்கையும் அன்றாட மாத்திரைகளையும் கடவுச்சீட்டையும் உடனே எடுத்துக்கொள்ள வசதியாக, அவற்றைத் தனியே ஒரு சிறு பையில் போட்டுப் பெரிய பையின் மேல்பகுதியில் வைத்திருப்பது நல்லது.

இவற்றையெல்லாம் தமிழில் ஒரு பக்கத் தாளாக அச்சிட்டு டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுக்கப் பயண முகவர்களுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையத்தை அழகாக அமைத்த திருச்சி விமான நிலைய நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. எடை இயந்திரம் ஒன்றும், பையை நுழைத்து அளவு பார்க்கும் சட்டம் ஒன்றும், தமிழில் விளக்கப் பலகையும் நுழைவாயிலுக்கு வெளியே, வழியனுப்ப வருவோர் நிற்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடுவதில்லை. எடை கூடுதல் என்பது வாசலிலேயே தெரிந்துவிட்டால், மிஞ்சியதை உடன்வந்த உறவினரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம்.

தங்கள் வாசகர்,
திருச்சி