தட்டச்சு செய்பவரையும் கூப்பிட்டுக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளும் பெரிய நிறுவனங்களும் தங்கள் இணையதளங்களைப் புதிய பதிப்புக்கு மாற்றுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாதுகாப்பு, வேகம், செலவு எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் அந்தத் தளத்தின் முன்னால் தினமும் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவர்களைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. நான் அந்த வேலை பார்க்கிறவள். திருச்சியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் பதினோரு வருடமாகத் தேர்வு அறிவிப்பு, சேர்க்கை விவரம், கட்டண அட்டவணை எல்லாம் தளத்தில் ஏற்றி வருகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் தளம், இணையதளங்களைக் கட்டி நடத்த உதவும் ட்ரூபல் என்ற மென்பொருளின் 7ஆம் பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. 2011 ஜனவரி 5 அன்று வெளிவந்த பதிப்பு அது. 2021 நவம்பரோடு அதற்கான ஆதரவை நிறுத்துவதாக ட்ரூபலை உருவாக்குகிறவர்கள் முதலில் சொன்னார்கள். கொரோனா வந்ததால் ஒரு வருடம் தள்ளிப்போட்டார்கள், மறுபடியும் தள்ளிப்போட்டார்கள், கடைசியில் சரியாகப் பதினான்கு வருடம் முடிந்த நாளில், 2025 ஜனவரி 5 அன்று நிறுத்தினார்கள். ஆதரவு நின்ற மறுநாளே தளம் படுத்துவிடாது. ஆனால் பாதுகாப்பில் ஒரு ஓட்டை தெரியவந்தால் அதை அடைத்துத் தர அந்தப் பக்கம் ஆள் இருக்காது.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது 2014இலேயே தெரிந்துவிட்டது. அந்த வருடம் அக்டோபர் 15 அன்று, நம் நேரப்படி இரவு ஒன்பதரை மணி வாக்கில், ட்ரூபல் 7இல் ஒரு பெரிய ஓட்டை இருப்பதாக அறிவித்து, அதை அடைக்கும் 7.32 பதிப்பையும் வெளியிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு அறிவிப்பு வந்தது. அந்த ஓட்டையை ஏழு மணி நேரத்துக்குள் அடைக்காத தளம் எதுவானாலும் அது தாக்கப்பட்டுவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்றது அது. அந்த ஏழு மணி நேரம் நமக்கு விடிகாலை நாலரையோடு முடிந்துபோனது. தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்த சமயம். நம் ஊரில் அலுவலகம் திறந்து யாராவது மின்னஞ்சலைப் பார்ப்பதற்கு முன்பே கெடு தாண்டிவிட்டது. ஆகவே மாற வேண்டுமா என்ற கேள்விக்கே இடமில்லை. நாங்களும் ட்ரூபல் 10க்கு மாறினோம்.

7இலிருந்து 10க்குப் போவது இருக்கிற வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி வேலை கிடையாது. பக்கத்தில் புது வீடு கட்டி, பழைய வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வர வேண்டும். 2015இல் வந்த 8ஆம் பதிப்பிலேயே உள்கட்டுமானத்தை அடியோடு மாற்றிவிட்டார்கள். 8இலிருந்து 9, 9இலிருந்து 10 எல்லாம் ஓரளவு எளிது. எங்களைப் போல 7இலேயே தங்கிவிட்டவர்களுக்குத்தான் பாடு.

சரி, புது வீட்டில் என்ன இருக்கிறது? எங்களுக்குத் தளம் அமைத்துக் கொடுத்த நிறுவனம் ஒரு மணி நேரம் விளக்கம் தந்தது. முதல்வரும் கணினித் துறைப் பேராசிரியர்களும் உட்கார்ந்து கேட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. காட்டியதெல்லாம் முகப்புப் பக்கத்தின் அழகும் கைபேசியில் அது விரிந்து சுருங்குவதும்தான். என் வேலையையே மாற்றப்போகிற அம்சங்களை நானே ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அவற்றில் பெரியது, வரைவும் ஒப்புதலும். முன்பு நேரலையில் இருக்கும் ஒரு பக்கத்தைத் திருத்திச் சேமித்தால் அந்த நொடியே உலகத்துக்குத் தெரிந்துவிடும். கட்டணப் பக்கத்தைத் திருத்தும்போதெல்லாம் எனக்குக் கை நடுங்கும். இப்போது பழைய பக்கம் அப்படியே இருக்க, அதன் புது வரைவை நான் தயார் செய்து வைக்கலாம். முதல்வர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அது வெளியே போகும். அப்புறம், படங்களையும் கோப்புகளையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் மீடியா லைப்ரரி. கட்டண அட்டவணையை ஒருமுறை அதில் ஏற்றி, பத்துப் பக்கங்களில் சேர்த்துவிட்டால் போதும். அடுத்த வருடம் அந்த ஓரிடத்தில் கோப்பை மாற்றினால் பத்திலும் மாறிவிடும். போன வருடக் கட்டணத்தை ஏதோ ஒரு மூலைப் பக்கத்தில் பார்த்துவிட்டு, கையில் அந்தத் தொகையோடு வந்து நின்ற பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் என்ன சமாதானம் சொல்வது?

ஆனால் என் மனசுக்கு நெருக்கமானது மொழி வசதிதான். 7ஆம் பதிப்பில் ஒரு தளத்தை இரண்டு மொழிகளில் நடத்த வெளியிலிருந்து மாட்யூல்களை, அதாவது கூடுதல் வசதி தரும் மென்பொருள் துண்டுகளை, கொண்டுவந்து ஒட்ட வேண்டும். ஆங்கிலப் பக்கமும் தமிழ்ப் பக்கமும் தனித்தனிப் பக்கங்களாக இருக்கும். ஒன்றில் தேதியை மாற்றினால் மற்றதை நினைவு வைத்துக்கொண்டு போய் மாற்றியாக வேண்டும். நினைவு தப்பியது தமிழில்தான், எப்போதும். 8ஆம் பதிப்பிலிருந்து மொழிபெயர்ப்புக்கான நான்கு மாட்யூல்கள் உள்ளேயே வருகின்றன. ஒரே பக்கம், அதற்கு இரண்டு மொழி வடிவம். தேர்வுத் தேதிக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை என்று ஒருமுறை குறித்துவிட்டால், ஆங்கிலத்தில் மாற்றும் தேதி தமிழிலும் தானாக மாறும். பின்தங்கிய தமிழ்ப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தப்பான நாளில் தேர்வு எழுத வந்து நின்ற பிள்ளை எங்கள் கல்லூரியில் உண்டு. இந்த வசதி எட்டு வருடம் முன்னாலேயே எங்களிடம் இருந்திருந்தால் அவளுக்கு அந்தக் கஷ்டம் வந்திருக்காது.

இத்தனை வசதி இருந்தும், எங்கள் புதுத் தளம் முதலில் ஆங்கிலத்தில் மட்டும்தான் வந்தது. தமிழ் 'இரண்டாம் கட்டம்' என்றார்கள். அந்தக் கட்டமும் ஒருவழியாக வந்தபோது, ஆங்கிலச் சொற்களுக்கு அளவெடுத்து வைத்திருந்த மெனு பட்டையில் 'மாணவர் சேர்க்கை' இரண்டு வரியாக உடைந்து நின்றது. முதல் நாளே தமிழில் ஒரு பக்கம் தட்டிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இதைவிட வருத்தமான விஷயம் ஒன்று உண்டு. எங்கள் பழைய பக்கங்களில் பல, பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் தட்டப்பட்டவை. பாமினியில் 'தமிழ்' என்று தட்டினால் கணினிக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதுவேதான் தெரியும். தேடினால் அகப்படாது. தமிழைக் கணினிக்குள்ளும் தமிழ் எழுத்தாகவே பதியும் பொதுவான முறையான யூனிகோடை 2010ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு ஏற்று ஆணை பிறப்பித்துவிட்டது. ஆனாலும் அலுவலகங்களின் பழைய கோப்புகள் பழையபடியேதான் கிடக்கின்றன. சாமான்களைப் புது வீட்டுக்குத் தூக்கும்போது இவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடலாம், அதைவிடத் தோதான நேரம் வாய்க்காது என்று சொல்லிப் பார்த்தேன். ஒப்பந்தத்தில் அது இல்லை என்று பதில் வந்தது. பக்கங்களை அப்படியே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். படிக்க முடியாதவற்றுக்குப் பதிலாக, காகிதத்தை ஸ்கேன் செய்த பிடிஎஃப் வைத்தார்கள்.

ஸ்கேன் என்பது ஒரு படம். பார்வையற்ற மாணவருக்குத் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானுக்கு அதில் வாசிக்க ஒன்றுமே இல்லை. ட்ரூபல் 10இல் இயல்பாக வரும் முகப்பு வடிவமைப்பின் பெயர் ஒலிவெரோ. பார்வையற்றவரான ரேச்சல் ஒலிவெரோ, எல்லோரும் பயன்படுத்தக்கூடிய தளங்களுக்காக ட்ரூபல் சமூகத்தில் உழைத்து 2019இல் மறைந்தவர். அவர் நினைவாக வைத்த பெயர் அது. படம் ஏற்றினால் அதை விவரித்து ஒரு வரி எழுதச் சொல்லி இந்த மென்பொருள் நம்மைக் கேட்கும். அதன் மேல் போய் நாம் ஸ்கேன் கோப்புகளை அடுக்கினால், அந்த உழைப்பு நம் பிள்ளைகளுக்கு எப்படி வந்து சேரும்?

இப்போது மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்து, பழைய அறிவிப்புகளை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். மாற்றித் தரும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியதை ஒருமுறை வாசித்துப் பிழை பார்த்தால் போதும். இரண்டு மாணவிகள் கூட இருந்து உதவுகிறார்கள்.

இனிமேல் மாறப்போகும் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஒன்று சொல்வேன். ஒப்பந்தம் போடும் முன் உள்ளடக்கம் ஏற்றும் ஊழியரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். தமிழ்ப் பக்கத்தை முதல் கட்டத்திலேயே கேளுங்கள். பழைய எழுத்துருக் கோப்புகளை மாற்றித் தருவதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். தங்கள் இணையதளத்தில் இருக்கும் பழைய இதழ்கள் எல்லாம் பக்கப் படங்களாகவே இருக்கின்றன. அவற்றில் வந்த சிறுகதைகளையாவது யூனிகோடில் தட்டிப் போட முடியுமா? உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் நானும் அந்த இரண்டு மாணவிகளும் தயார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
திருச்சி