சவக்கடல் சேற்றுக் குளியலுக்கு ஆள் கூட்டிப் போகிறவர்களுக்கு

புனித பூமிப் பயணம் நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கும், குழுவோடு வரும் போதகர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும் வணக்கம்.

உங்கள் நோட்டீஸில் எருசலேமுக்கும் பெத்லகேமுக்கும் நடுவே எங்காவது "சவக்கடலில் மிதத்தல், சேற்றுக் குளியல்" என்று ஒரு வரி இருக்கும். பக்கத்தில், உடம்பெல்லாம் கறுப்புச் சேறு பூசிக்கொண்டு சிரிக்கிற ஒருவரின் படம். ஜெபம், படிக்கட்டு, வரிசை, பஸ் என்று ஓடுகிற பயணத்தில் உல்லாசம் என்று சொல்ல இருப்பது அந்த ஒரு பொழுதுதான். மூட்டுவலியோடு பஸ்ஸில் முனகிக்கொண்டே வந்த பெரியவர்கள் அங்கே ஒருவர் முதுகில் ஒருவர் சேறு பூசி விளையாடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே அதை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. ஆட்களைத் தயார் செய்து கூட்டிப் போங்கள் என்கிறேன். இப்போது கிடைக்கும் தயாரிப்பு, கரையில் பஸ் நின்றதும் மைக்கில் வரும் "ஒரு மணி நேரம் டைம், கண்ணுல தண்ணி படாம பார்த்துக்கோங்க" என்பது மட்டுமே.

அந்தத் தண்ணீரில் நூற்றுக்கு சுமார் 34 பங்கு உப்பு. நம் கடலைவிட ஏறத்தாழ பத்து மடங்கு. அதனால் யாரும் அதில் மூழ்க முடியாது என்று நம் ஆட்கள் உறுதியாக நம்புகிறார்கள், சில வழிகாட்டிகளும் அப்படியே சொல்கிறார்கள். மல்லாந்து படுத்திருக்கும் வரைதான் அது சரி. கவிழ்ந்துவிட்டால் இடுப்பும் காலும் மேலே தூக்கிக்கொள்ளும், முகம் தண்ணீருக்குள் போய்விடும். திரும்பிப் படுக்க வயதானவர்களுக்கு வலு போதாது. ஆழமே இல்லாத இடத்தில்கூட இப்படி உயிர் போயிருக்கிறது.

இதில் நீச்சல் தெரியாத பாட்டிகளைவிட, கடலில் பிறந்து வளர்ந்தவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். பாட்டி பயந்து பயந்து முழங்கால் தண்ணீரில் உட்காருவார். எங்கள் குழுவில் வந்த கன்னியாகுமரிக் கரைக்காரர் ஒருவர், "கடல் நமக்குப் புதுசா?" என்று குப்புற விழுந்து நீந்தப் போனார். இரண்டு பேர் பிடித்துப் புரட்டிப் போட வேண்டியதாயிற்று. நாலைந்து வாய் தண்ணீர் உள்ளே போயிருந்தது. இரவெல்லாம் இருமினார். கூட வந்த பொறுப்பாளர், "உப்புத் தண்ணிதானே, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு மறுநாள் நிகழ்ச்சியை வாசித்தார்.

அது வெறும் உப்புத் தண்ணீர் இல்லை என்பதுதான் விஷயம். நாம் சாப்பிடும் உப்பைவிட அதில் மெக்னீசியம் குளோரைடு அதிகம், கால்சியமும் நிறைய. அந்தக் கசப்பும், தொட்டால் எண்ணெய் போல வழுக்குவதும் அதனால்தான். விழுங்கினால் இந்தத் தாதுக்களின் அளவு ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே குழப்பலாம். நுரையீரலுக்குள் போனால் அங்கே அழற்சி வரும். யாராவது தண்ணீரை விழுங்கிவிட்டால் உடனே உயிர்காப்பாளரிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று விடுகிற காரியம் இல்லை.

இறங்கும் முறையைக் கரையில் நின்று ஒரு தடவை செய்து காட்டினால் போதும். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்ததும் மெதுவாகப் பின்பக்கமாக உட்கார வேண்டும், கால் தானே எழும்பும். எழுந்திருக்க முழங்காலை நெஞ்சுக்கு இழுத்து, கையால் தண்ணீரை அழுத்தி, பாதம் தரையைத் தொட்ட பிறகுதான் நிமிர வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் யாரையும் உள்ளே விடாதீர்கள். ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஊரிலேயே டாக்டரைக் கேட்டுவிட்டு வரட்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு ரப்பர் செருப்பு கட்டாயம். கரையில் உப்புப் படிகங்கள் பிளேடாக வெட்டும், பாதம் மரத்துப்போனவருக்கு வெட்டியதே தெரியாது.

அப்புறம் உடை. இதைப் பெண்களிடம் பேச ஆண் பொறுப்பாளர்கள் கூச்சப்படுகிறார்கள், கடைசியில் பாதிப் பெண்கள் கரையிலேயே உட்கார்ந்து பைகளுக்குக் காவல் இருக்கிறார்கள். நைட்டியோடு இறங்கினால் துணி மேலே மிதந்து வந்து மானத்தை வாங்கும். துப்பட்டா கழுத்தில் சுற்றும். பழைய, அடர்நிற, உடம்போடு ஒட்டிய சுடிதாரும் லெக்கின்ஸும் எடுத்து வரச் சொல்லுங்கள், முடிந்தால் ஒரு பெண்ணை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். வெள்ளிக் கொலுசும் மோதிரமும் கறுத்துவிடும், ஓட்டலிலேயே கழற்றி வைக்கட்டும். முந்தின நாளும் அன்றும் ஷேவிங் கூடாது. அதை மறந்த ஆண்கள் போட்ட சத்தத்தை இங்கே எழுத முடியாது!

சேற்றைப் பற்றி நோட்டீஸில் போடும் வாக்குறுதிகளைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். மலைகளிலிருந்து வெள்ளம் அடித்து வந்து படிந்த மிக நைசான களிமண் அது, அதில் உள்ள இரும்பு சல்பைடுதான் கறுப்பு நிறம் தருகிறது. மெல்லிசாகப் பூசி, பத்துப் பதினைந்து நிமிடத்தில் கழுவினால் தோல் மிருதுவாக இருக்கும், சந்தோஷம். சொரியாசிஸ் என்ற செதில் உதிரும் தோல் நோய்க்காரர்களுக்கு அங்கே பலன் கிடைப்பதும் உண்மைதான். ஆனால் அது வாரக்கணக்கில் தங்கி, டாக்டர் மேற்பார்வையில் வெயிலிலும் தண்ணீரிலும் இருந்து எடுக்கும் சிகிச்சை. கடல் மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் கீழே இருப்பதால் அங்கே வெயிலின் சுடும் கதிர்கள் கொஞ்சம் வடிகட்டப்பட்டு வருகின்றன. ஒரு மணி நேர சேற்றுக் குளியலில் "மூட்டுவலி பறந்துவிடும்" என்பது விளம்பரம்.

கரைக்கு ஒரு மணி நேரம், கிரீம் விற்கும் கடைக்கு ஒன்றரை மணி நேரம் என்ற கணக்கும் நியாயமாகத் தெரியவில்லை. கமிஷன் உங்கள் பாடு, நான் அதற்குள் போகவில்லை. குளிக்கவும், காயவும், நல்ல தண்ணீரில் அலசவும், வரிசையில் நின்று உடை மாற்றவும் இரண்டு மணி நேரம் வேண்டும்.

இன்னொன்று, கண்ட இடத்தில் பஸ்ஸை நிறுத்தி போட்டோவுக்கு ஆட்களை இறக்கிவிடாதீர்கள். யோர்தான் ஆற்றுத் தண்ணீரை மேலேயே திருப்பிவிடுவதாலும், தெற்கே தாது எடுக்க நீரை ஆவியாக்குவதாலும் சவக்கடல் ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கு மேல் இறங்குகிறது. கடல் விலகிய நிலத்தடியில் நல்ல நீர் புகுந்து உப்புப் படலத்தைக் கரைக்க, மேலே தரை திடீரென்று உள்வாங்குகிறது. இப்படி ஆயிரக்கணக்கான குழிகள். வேதாகமத்தில் எசேக்கியேல் 47-ல் மீன்பிடிகாரர் நிற்பதாக வாசிக்கிறோமே, அந்த எங்கேதியின் பொதுக் கடற்கரையை 2015-ல் இதனால்தான் மூடினார்கள். அங்கே கடலோரத்தில் கட்டிய குளியல் விடுதியிலிருந்து தண்ணீர் ஒரு கிலோமீட்டருக்கு மேல் விலகி, குளிக்க வந்தவர்களை டிராக்டர் வண்டியில் ஏற்றிப் போக வேண்டி வந்தது. மலைப்பிரசங்க மலையில் அரை மணி நேரம் பேசும் வழிகாட்டி இதற்கு ஐந்து நிமிடம் தரலாமே.

நீங்கள் ஊரில் நடத்தும் முன்கூட்டத்தில் பாஸ்போர்ட், அரசு மானிய விண்ணப்பம், டாலர் மாற்றுவது எல்லாம் பேசுகிறீர்கள். அடுத்த கூட்டத்தில் இதற்கும் கால் மணி நேரம் ஒதுக்கி, மேலே சொன்னவற்றைத் தமிழில் ஒரு பக்கமாக அச்சடித்துக் கையில் கொடுங்கள். பெரிய எழுத்தில் கொடுங்கள், வாசிக்கிறவர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். பாட்டிலில் சேறு அள்ளி வருகிறவர்கள் அதை விமானத்தில் கைப்பையில் வைக்கக் கூடாது என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பயணிகளில் ஒருவர்