புங்கம் எண்ணெய் டீசல்: விடுபட்ட சோதனைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வேளாண் பக்கத்தில் வந்த புங்கம் எண்ணெய் பயோடீசல் செய்முறையில் முக்கியமான வேலை விடுபட்டுவிட்டது. லிட்டர் எண்ணெய்க்கு 200 மி.லி. மெத்தனால், 3.5 கிராம் காஸ்டிக் சோடா என்ற கணக்கு அமிலம் ஏறாத எண்ணெய்க்குத்தான் பொருந்தும். தாமிரபரணிக் கரையில் பொறுக்கி, மழையில் நனைந்து, சாக்கிலேயே கிடந்து செக்குக்கு வரும் புங்கங்கொட்டை அப்படியா இருக்கும்? அந்த எண்ணெயில் இந்தக் கணக்கைப் போட்டால் கிடைப்பது சோப்புக் கூழ்தான்.

எண்ணெயில் எவ்வளவு அமிலம் என்று அளந்து பார்ப்பது பெரிய வித்தை இல்லை. ஒரு மி.லி. எண்ணெயை 10 மி.லி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, காரம் சேர்ந்தால் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டியான பினாப்தலீன் இரண்டு சொட்டு விட வேண்டும். லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் காஸ்டிக் சோடா கரைத்த நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, இளஞ்சிவப்பு கால் நிமிடமாவது கலையாமல் நின்றதும் நிறுத்தலாம். எத்தனை மி.லி. செலவானதோ, லிட்டர் எண்ணெய்க்கு அத்தனை கிராம் சோடா கூடுதல். மூன்றைத் தாண்டினால் சோடாவைக் கூட்டிப் பயனில்லை. எண்ணெயின் அமிலத்தைக் குறைக்க முதலில் கந்தக அமிலமும் மெத்தனாலும் சேர்த்து 60 டிகிரியில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். 65-ஐத் தொட்டால் மெத்தனால் கொதித்துப் போய்விடும்.

எண்ணெயில் ஈரம் இருந்தாலும் சோப்புதான். கரண்டியில் கொஞ்சம் காய்ச்சினால் சடசடப்பு காட்டிக்கொடுத்துவிடும். அலுமினியப் பாத்திரத்தைக் காஸ்டிக் அரித்துவிடும், எவர்சில்வர் போதும்.

அடியில் பிரியும் கிளிசரினை இறக்கி, கழுவி, தெளிந்துவிட்டால் டீசல் தயார் என்று எழுதியிருந்தீர்கள். டீசலாக மாறாத எண்ணெய் கலந்திருந்தாலும் தெளிவாகத்தான் தெரியும். 27 மி.லி. மெத்தனாலில் 3 மி.லி. டீசலைக் குலுக்கி வையுங்கள்; அடியில் எண்ணெய்த் துளி நின்றால் வேலை முடியவில்லை. மெத்தனால் 20 டிகிரி அளவில் இருக்க வேண்டும். நம்மூர் சித்திரை வெயிலில் செய்தால் சூட்டில் எண்ணெயும் கரைந்து, தேறாத சரக்கும் தேறிவிடும். பாட்டிலை ஐஸ் தண்ணீரில் வைத்துக் குளிர்வித்த பிறகு பாருங்கள்.

விற்பதானால் இதெல்லாம் போதாது. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 15607-இன்படி டீசலில் தங்கிய அமிலத்தைக் காட்டும் அமில எண் 0.5-க்குள் இருக்க வேண்டும். தீப்பற்று நிலை, அதாவது அதன் ஆவி தீப்பிடிக்கும் வெப்பம், 101 டிகிரிக்குக் குறையக் கூடாது. மெத்தனால் கொஞ்சம் தங்கிவிட்டாலே இந்த இரண்டாவதில் தோற்கும். அதற்கு ஆய்வகம்தான் வழி.

மெத்தனால் குடித்தால் கண் போகும், உயிரும் போகும்; அதன் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது. செய்முறையில் இது ஒரு வரிகூட இல்லை. அடுத்த இதழில் இதையாவது கட்டம் கட்டிப் போடுங்கள்.

வாசகர்,
அம்பாசமுத்திரம்