சண்டிகரில் பியூன் வீட்டையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சண்டிகர் பயணக் கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் தலைமைச் செயலகம், சட்டமன்றம், உயர் நீதிமன்றம், திறந்த கைச் சின்னம் என்று கேப்பிட்டல் வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சுக்னா ஏரியில் படகு, ராக் கார்டன், அப்புறம் நேரே ரயில் நிலையம் போய்விட்டார். போகிற போக்கில் 'லெ கொர்பூசியே என்ற ஒரே மனிதரின் கனவு நகரம்' என்று அந்தக் கட்டடக் கலைஞரைப் பற்றி ஒரு வரி வேறு. அதைப் படித்ததும் பேனாவை எடுத்துவிட்டேன்.

நான் அரசுத் துறை ஒன்றில் முப்பத்திரண்டு ஆண்டு வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வரைந்ததில் முக்கால்வாசி ஊழியர் குவார்ட்டர்ஸ். மாப்பிள்ளைக்குச் சண்டிகரை ஒட்டிய மொகாலியில் வேலை என்பதால் போன வருடம் மே மாதம் முழுக்க மகள் வீட்டில் இருந்தேன். அங்கத்திய வெயில் நம் கத்திரிக்குச் சளைத்ததல்ல. வியர்க்காது, வறுத்தெடுக்கும்.

முதலில் அந்த 'ஒரே மனிதர்' சமாச்சாரம். பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனதால் பஞ்சாபுக்குப் புதுத் தலைநகரம் தேவைப்பட்டது. முதல் வரைபடம் போட்டவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்பர்ட் மேயரும் மாத்யூ நோவிட்ஸ்கியும். நோவிட்ஸ்கி 1950-இல் விமான விபத்தில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான், 1951-இல், லெ கொர்பூசியே வந்தார். நகர வரைபடத்தை மாற்றிப் போட்டார், கேப்பிட்டல் கட்டடங்களைத் தன் கையில் வைத்துக்கொண்டார். ஜனங்கள் குடியிருக்கும் வீடுகளை வரைந்தவர்கள் வேறு ஆட்கள்: அவருடைய உறவினர் பியர் ஜானரே, இங்கிலாந்துத் தம்பதி மாக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ, கூடவே நம் நாட்டு இளம் கட்டடக் கலைஞர்கள் பலர். ஜானரே 1965 வரை அங்கேயே இருந்தார். அவர் விருப்பப்படி அவருடைய அஸ்தியைக் கரைத்தது எங்கே தெரியுமா? உங்கள் கட்டுரையாளர் படகு விட்டாரே, அதே சுக்னா ஏரியில்.

அரசு வீடுகளைச் சம்பளத்துக்கு ஏற்ப 13 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகை முதலமைச்சருக்கு. கடைசி வகை பியூன் போன்ற கடைநிலை ஊழியருக்கு. என் தொழில் புத்தி அந்தப் பதின்மூன்றாவதைத்தான் தேடியது. செக்டார் 22-இல் (நகரைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எண் போட்டிருக்கிறார்கள், ஒவ்வொரு கட்டமும் ஒரு செக்டார்) மகளோடு ஒரு நாள் காலை நடந்தபோது கண்ணில் பட்டது. இரண்டு அறை, சமையலறை, குளியலறை, தனிக் கழிவறை, பின்னால் ஒரு முற்றம். ஐம்பதுகளில், பியூனுக்கு! அதற்கு எத்தனையோ வருடம் கழித்து நாங்கள் இங்கே வரைந்த கடைநிலை ஊழியர் வீடுகளில் நாலு குடும்பத்துக்கு ஒரு கழிவறை, அதுவும் மாடிப்படிக்கு அடியில்.

சிமெண்டும் கம்பியும் கிராக்கியாக இருந்த காலம் அது. அதனால் வீடுகளை உள்ளூர்ச் செங்கல்லிலேயே முடித்திருக்கிறார்கள். பூச்சுகூடக் கிடையாது பல சுவர்களில். அந்தச் செங்கல்லையே விட்டு விட்டு அடுக்கி ஜாலி (ஓட்டை ஓட்டையான தடுப்புச் சுவர்) வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் நான் நின்றுவிட்டேன். வெளிச்சம் பொடிப்பொடியாக உள்ளே விழுகிறது, காற்று வருகிறது, தெருவில் போகிறவனுக்கு வீட்டுக்குள் இருப்பது தெரிவதில்லை. நான் சுவரையே முறைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அந்த வீட்டு அம்மாள் வெளியே வந்துவிட்டார். மகள் இந்தியில் ஏதோ சமாதானம் சொன்னாள். கடைசியில் லஸ்ஸி கொடுத்து முற்றம் வரை காட்டினார். கோடையில் அவர்கள் தூங்குவது அங்கேதான், கயிற்றுக் கட்டிலில்.

எனக்கு ஒரு பழைய வயிற்றெரிச்சல் கிளம்பியது. ஒருமுறை சமையலறைச் சுவரில் இதே மாதிரி ஜாலி போட்டு வரைபடம் கொடுத்தேன். "சுவத்துல எதுக்குய்யா ஓட்டை? எலி வரும்" என்று சொல்லிப் பொறியாளர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். அந்தச் சமையலறைகளில் இன்றைக்கும் பகலில் விளக்குப் போட்டுத்தான் சாம்பார் கொதிக்கிறது.

சண்டிகரைத் தலையில் வைத்துக் கொண்டாடவும் நான் தயாரில்லை. பியூனுக்கு வீடு வரைந்தவர்கள், மண் சுமந்து அந்த ஊரைக் கட்டிய கூலித் தொழிலாளிகளுக்கு வரைபடத்தில் இடம் வைக்கவில்லை. அவர்கள் கொட்டகைகளில்தான் கிடந்தார்கள். ஒரு செக்டார் என்பது 1200 மீட்டருக்கு 800 மீட்டர். மத்தியானம் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடந்து பார்த்தால் தெரியும். மேற்கு மாம்பலத்தில் பத்தடிக்கு ஒரு டீக்கடை பார்த்துப் பழகிய எனக்கு நாக்கு தள்ளிவிட்டது.

முகவரி விஷயத்தில் மட்டும் பொறாமையாக இருந்தது. செக்டார் எண், வீட்டு எண், முடிந்தது. நமக்குப் பழைய எண், புதிய எண், அதற்குமேல் 'பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச் சந்து' என்றால்தான் கூரியர்க்காரர் வருவார். (அங்கே ஆரம்பத் திட்டத்தில் 13-ஆம் எண் செக்டாரே கிடையாது. வீட்டுக்குப் பதின்மூன்றாம் வகை மட்டும் இருந்தது. பியூனுக்கு ராசி பார்க்க வேண்டாம் என்று நினைத்தார்களோ என்னவோ.)

கேப்பிட்டல் வளாகத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம், நானும் அடையாள அட்டையைக் காட்டிக் கூட்டத்தோடு போய்ப் பார்த்தேன். வெயில் நேராக உள்ளே அடிக்காதபடி கான்கிரீட்டில் ஆழமான மாடங்கள் செய்திருப்பது கண்ணுக்கு விருந்து. நம் ஊரில் தெற்கும் மேற்கும் பார்த்துக் கண்ணாடிச் சுவர் எழுப்பிவிட்டு ஏ.சி.க்குக் கரண்ட் பில் கட்டுகிறவர்களை ஒரு நாள் அங்கே கூட்டிப்போய் நிறுத்த வேண்டும்.

அடுத்த முறை சண்டிகர் பற்றி வெளியிடும்போது செக்டார் 22 வீடுகளின் படம் ஒன்றாவது போடுங்கள். நான் பார்த்த தெருவிலேயே ஏழெட்டு வீடுகளில் ஜாலியைச் சிமெண்ட் வைத்து அடைத்து ஏ.சி. பெட்டி மாட்டியாயிற்று. உங்கள் புகைப்படக்காரர் கொஞ்சம் சீக்கிரம் போனால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரைவாளர்,
மேற்கு மாம்பலம், சென்னை