தீம் பார்க் ரிசார்ட் கிச்சனுக்குப் பொறுப்பேற்கும் மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அக்கா போன் பண்ணி விஷயத்தைச் சொன்னாள். கோயமுத்தூரில் கேட்டரிங் படித்துவிட்டு ஓட்டல் ஓட்டலாக மாறிக்கொண்டிருந்தவன், இப்போது கேரளத்தில் தீம் பார்க் ரிசார்ட் ஒன்றின் கிச்சனுக்கே பொறுப்பாகப் போகிறாய். மாமனுக்கு இதைவிட என்ன சந்தோஷம் வேண்டும்? ஆனால் வாழ்த்தோடு நிறுத்த மனசு வரவில்லை. சொல்லியே ஆக வேண்டிய விஷயம் இருக்கிறது. அது இந்த வேலையில் இருக்கிற மற்ற பிள்ளைகளுக்கும் ஆகும் என்பதால் எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

ஊருக்குள் இருக்கிற ஓட்டலில் சாப்பாடு சரியில்லை என்றால், சாப்பிட வந்தவர் எழுந்து எதிர்க்கடைக்குப் போய்விடுவார். உன் ரிசார்ட்டில் அது நடக்காது. பார்க் வாசலில் பையைத் திறந்து பார்த்து வெளிச் சாப்பாட்டை வாங்கி வைத்துவிடுகிறார்கள். ரிசார்ட் இருப்பதோ ஊரைவிட்டுத் தள்ளி. ராத்திரி எட்டு மணிக்கு, நாள் பூரா தண்ணீரில் ஆடிக் களைத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு குடும்பம் எங்கே போய்த் தேடும்? நீ வைத்ததைத்தான் சாப்பிட வேண்டும். "எங்கே போய்விடுவார்கள்" என்ற தைரியத்தில்தான் பல இடங்களில் கிச்சனே நடக்கிறது. வேறு வழி இல்லாதவர்களுக்குச் சமைக்கிறவன் மற்றவர்களைவிட ஒரு படி கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

கொச்சிப் பக்கம் பள்ளிக்கரையில் வீகாலேண்ட், அதாவது இன்றைய வொண்டர்லா, 2000இல் திறந்த பிறகு நம் பக்கத்து ஜனங்களும் அங்கே போக ஆரம்பித்தார்கள். அப்போதெல்லாம் விடியக்காலையில் வேன் ஏறுவோம். புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு போய் வழியில் நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு, ராத்திரிக்குள் வீடு திரும்பிவிடுவோம். இப்போது தங்கிப் பார்க்கிறார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கூட லீவுக்குப் பணம் சேர்த்து, வாளையார் எல்லை தாண்டி பிள்ளைகளைக் கூட்டி வருகிறார். அவருக்கு அந்த ஒரு ராத்திரி வருஷத்துக்கு ஒருமுறை வருவது.

கோடை லீவில் நாங்களும் குடும்பத்தோடு ஒரு ரிசார்ட்டில் தங்கினோம். பேர் வேண்டாம். ராத்திரி பஃபே. நாற்பது அயிட்டம் போட்டிருந்தார்கள். சேஃபிங் டிஷ், அதாவது பஃபேயில் சாப்பாட்டைச் சூடாக வைக்கிற பாத்திரம், அதன் மூடியைத் தூக்கினால் ஆவியே இல்லை. அடியில் ஜெல் டப்பா எப்போதோ எரிந்து தீர்ந்துவிட்டது. கீழ்த் தட்டில் இருந்த தண்ணீரில் விரலை வைக்க முடிந்தது. நெய்ச்சோறு ஓரத்தில் விறைத்து, நடுவில் கட்டி கட்டியாக இருந்தது. கோழிக் குழம்பின் மேல் எண்ணெய் ஏடு கட்டியிருந்தது. கோழியில் கிடந்த கரண்டியையே யாரோ வெஜ் குருமாவிலும் போட்டிருந்தார்கள். பேத்திக்கு முந்திரி ஒத்துக்கொள்ளாது, உதடு வீங்கிவிடும். அதனால் குருமாவில் முந்திரி அரைத்திருக்கிறதா என்று மருமகள் கேட்டாள். கவுண்டரில் நின்ற பையன் அஸ்ஸாமிலிருந்து வந்தவன். மலையாளமும் சரியாக வராது, தமிழ் சுத்தமாக வராது. பயந்துபோய் "ஓகே ஓகே" என்று தலையை ஆட்டினான். அந்தப் பையன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. என்ன சமைத்தார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லவே இல்லை. குழந்தைக்கு வெறும் தயிர்ச்சோறு ஊட்டித் தூங்க வைத்தோம்.

உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சேஃபிங் டிஷ் சூட்டைத் தாங்கி வைக்குமே தவிர, ஆறிப்போனதைச் சூடாக்காது. உள்ளே போகும்போதே கொதிக்கக் கொதிக்கப் போக வேண்டும். சூடாகப் பரிமாறுகிற பண்டம் 60 டிகிரிக்கு மேலும், குளிர்ச்சியாக வைப்பது 5 டிகிரிக்குள்ளும் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. இடையில் இருக்கிற சூடு கிருமிக்குச் சொர்க்கம். சோறுதானே என்று நிறையப் பேர் அலட்சியமாக விடுகிறார்கள். பேசிலஸ் சீரியஸ் என்கிற கிருமியின் வித்து உலை கொதித்தாலும் சாகாது. வடித்த சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அது முளைத்துப் பெருகி நஞ்சு விடும். வாந்தியைக் கொண்டுவருகிற அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கவுண்டருக்கு ஒன்று வாங்கிப் போடு. அரை மணிக்கு ஒருதரம் பார்த்து எழுதி வைக்கச் சொல்.

கல்யாண வேலையில் ஒரு சமையல்காரனின் பேர் கடைசிப் பந்தியில்தான் தெரியும். முதல் பந்திக்கு எல்லாரும் நன்றாகப் போடுவார்கள். கடைசிப் பந்திக்கு உட்கார்கிறவர் பெண் வீட்டில் ஓடியாடி வேலை செய்தவராக இருப்பார், இல்லை தூரத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவராக இருப்பார். அவர் இலையிலும் சாம்பார் சூடாக விழ வேண்டும். உன் பஃபேயும் அதே மாதிரிதான். பார்க் மூடியதும் எல்லாரும் ரூமுக்குப் போய்க் குளித்துவிட்டு, ஏழரைக்கு ஒரே அலையாக வந்து நிற்பார்கள். அந்த அலைக்குப் பயந்து ஆறு மணிக்கே மொத்தத்தையும் சமைத்து அடுக்கிவிடுகிறார்கள். ஒன்பதேகாலுக்கு வருகிறவருக்கு மூன்று மணி நேரத்துக்கு முந்தைய சோறு கிடைக்கும். மசாலாவைத் தயாராக வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன அண்டாவாக இறக்கு. ஆள் கூடத் தேவைப்படும், முதலாளி முகம் சுளிப்பார். நாற்பது அயிட்டத்தைப் பதினைந்தாகக் குறைத்தால் அந்த ஆள் உனக்குக் கிடைத்துவிடும். ஒரு ஆப்பச் சட்டி, ஒரு தோசைக்கல், பக்கத்தில் ஸ்டூவும் சாம்பாரும். கண் முன்னால் சுட்டுக் கொடுத்தால் பாதி பஃபே தேவையே இல்லை. யாருக்கும் பிடிக்காத அந்தப் பாஸ்தாவைத் தயவுசெய்து எடுத்துவிடு.

அப்புறம் எண்ணெய். பார்க்குக்குள் இருக்கிற ஸ்டால்களில் சிப்ஸும் கோழி வறுவலும்தான் ஓட்டம். காலையில் ஊற்றிய எண்ணெயைக் கறுக்கக் கறுக்க ஓட்டுகிறார்கள். பொரிக்கிற எண்ணெயில் போலார் காம்பவுண்ட், அதாவது எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்ந்து கெடும்போது சேருகிற பொருள், 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து நாடு முழுக்கச் சட்டம். அளக்க மீட்டர் இருக்கிறது. ஸ்டால்கள் கான்ட்ராக்ட்காரர் கையில் இருந்தாலும், சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ராத்திரி உன் ரிசார்ட் ரிசப்ஷனில்தான் வந்து நிற்பார்கள். அவற்றையும் உன் கண்காணிப்பில் கொண்டுவரப் பார்.

கேரளத்தில் இந்த விஷயத்தில் கெடுபிடி கூடுதல் என்று அலுத்துக்கொள்ளாதே. 2022 மே மாதம் காசர்கோடு செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட பள்ளிக்கூடப் பெண் செத்துப்போனாள். 2023 ஜனவரியில், ஷவர்மாவுக்குத் தொட்டுக்கொள்கிற பச்சை முட்டை மயோனைஸுக்குத் தடை வந்தது. பார்சலில் எப்போது சமைத்தது, எதற்குள் சாப்பிட வேண்டும் என்று ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் அந்த மயோனைஸுக்கு ஒரு வருஷத் தடை வந்தது 2025 ஏப்ரலில்தான். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற குடும்பங்கள் கிளம்பும்போது பார்சல் வாங்குவார்கள், வாளையார் தாண்டி மதுக்கரையிலோ அவிநாசியிலோ பிரிப்பார்கள். அந்த ஸ்டிக்கரை அவர்கள் படிக்கிற மாதிரி தமிழிலும் அடி. கவுண்டர் அட்டைகளும் அப்படியே: மலையாளம், தமிழ், இங்கிலீஷ். என்ன பண்டம், முந்திரி, பால், முட்டை, கடலை எது இருக்கிறது என்று எழுதிவிட்டால் அஸ்ஸாம் பையன் பயப்பட வேண்டியதில்லை, விரலால் காட்டிவிடுவான். அவனையும் தினமும் பஃபேக்கு முன்னால் கூப்பிட்டு, அன்றைக்கு என்ன வைத்திருக்கிறோம் என்று ருசி பார்க்க வைத்துச் சொல்லு.

பில் விஷயம் உன் கையில் இல்லைதான். சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரி என்றது. தண்ணீர் பாட்டிலை எம்ஆர்பிக்கு மேல் விற்க ஓட்டல்களுக்கு 2017இல் உச்ச நீதிமன்றமே வழிவிட்டிருக்கிறது. சட்டம் விட்டாலும், வெயிலில் விளையாடிவிட்டு வருகிற குழந்தையிடம் தண்ணீருக்குக் காசு பார்ப்பது பெரிய தப்பு. டைனிங் ஹால் வாசலிலேயே சீரக வெந்நீரும் பானைத் தண்ணீரும் வைக்க முதலாளியிடம் கேள். கேட்டு வாங்கிக் கொடுத்தால் உன் மேல் எனக்கு மரியாதை கூடும்.

சோறு ரெண்டு வகை போடு. நம் கோவைக்காரருக்குப் பொன்னி இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. இங்கே இருப்பவர்களுக்கு மட்டை அரிசி, அதாவது கேரளத்துச் சிவப்பரிசி, வேண்டும். மொத்தமாக எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு அனுப்பு. சித்தூர் பக்கம் மில்லில் பேசி நல்ல மட்டையாகப் பார்த்து வைக்கிறேன். பொன்னிக்குப் பொள்ளாச்சியில் ஆள் இருக்கிறார்கள். அக்காவைக் கேட்டதாகச் சொல். மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்.

அன்புடன்,
மாமா
கொழிஞ்சாம்பாறை