‘நிதியுதவி வேண்டுமா?’ என்ற கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ப்ளஸ் டூ முடித்த பிள்ளையை இளநிலைப் படிப்புக்கு அமெரிக்கா அனுப்ப நினைக்கும் நம் பகுதிப் பெற்றோர் பலர் தடுமாறுவது, விண்ணப்பத்தில் வரும் ‘நிதியுதவி வேண்டுமா?’ என்ற கேள்வியில்தான்.

நம் பொறியியல் கலந்தாய்வில் 200-க்கு எடுத்த கட்-ஆஃப் வைத்துத்தான் தரவரிசை. அப்பாவின் வருமானம் அதை அரை மார்க்கூட அசைக்காது. முதல் பட்டதாரி சலுகையும் இடம் கிடைத்த பிறகு கட்டணத்தில் கழிவதுதான். அமெரிக்காவில் நடைமுறை வேறு. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத் போன்ற சில இடங்கள் மட்டுமே வெளிநாட்டு மாணவரையும் பணத்தேவை பாராமல் தேர்ந்தெடுத்து, தேவை முழுவதையும் ஈடுகட்டுகின்றன. ஸ்டான்ஃபோர்டு, கார்னெல், கொலம்பியா எல்லாம் அமெரிக்க மாணவருக்குத்தான் அப்படி. நம் பிள்ளை என்றால் தேவையையும் சேர்த்தே பார்ப்பார்கள். வெளிநாட்டவருக்கென்று ஒதுக்கும் உதவிப் பணத்துக்கு ஓர் அளவு உண்டு. மிகச் சிறந்த விண்ணப்பத்தை இது அவ்வளவாகத் தொடாது. இழுபறியில் நிற்கும் இரண்டு விண்ணப்பங்களில் உதவி கேட்காததற்கே வாய்ப்பு அதிகம்.

இதைக் காட்டித்தான் சில ஏஜென்ட்டுகள், “இப்போது ‘வேண்டாம்’ என்று போடுங்கள், சேர்ந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்” என்கிறார்கள். மோசமான யோசனை. ஸ்டான்ஃபோர்டில் விண்ணப்பிக்கும்போது கேட்காத வெளிநாட்டு மாணவர் நான்கு ஆண்டும் கேட்க முடியாது. வேறு பல இடங்களிலும் இதேபோன்ற விதி உண்டு. பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில் ஆண்டுச் செலவு 80,000 டாலருக்கு மேல். நான்கு ஆண்டுக்கு இரண்டரைக் கோடி ரூபாயைத் தாண்டும். மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் வாங்கவே முதல் ஆண்டுப் பணத்துக்கு வங்கிச் சான்று காட்ட வேண்டும். முதல் ஆண்டைக் கைமாற்று வாங்கிச் சமாளித்துவிட்டு இரண்டாம் ஆண்டு என்ன செய்வது?

உதவி கேட்பவர்கள், குடும்பத்தின் வருமானம், சொத்து, கடன் விவரங்களைக் கேட்கும் சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற படிவத்தில் சறுக்குகிறார்கள். வெளிநாட்டுக் குடும்பங்கள் அதில் சொந்த நாட்டுப் பணத்திலேயே எழுதலாம். ரூபாய் என்று குறித்துவிட்டு டாலராக மாற்றிய தொகையை எழுதினால் வருமானம் எண்பதில் ஒரு பங்குக்கும் கீழாகத் தெரியும். அப்புறம் விளக்கம் கேட்டே நாள் போகும். மஞ்சள், தென்னை வருமானத்துக்கு வருமான வரி இல்லைதான், ஆனால் படிவம் வரியில்லா வருமானத்தையும் கேட்கிறது. விட்டுவிட்டால் வங்கிக் கணக்கில் வந்த வரவோடு ஒத்துப்போகாது. உள்ளூர்ச் சலுகைக்காக 72,000 ரூபாய் என்று வாங்கி வைத்த வருமானச் சான்றிதழை இதோடு இணைப்பவர்களும் உண்டு. அதைவிடக் கெடுதல் வேறில்லை.

நிலம்தான் பெரிய சிக்கல். பல்லடம் பக்கம் ரோட்டோரம் ரெண்டு ஏக்கர் இருந்தால் காகிதத்தில் கோடீஸ்வரர். கையில் காசு இருக்காது. கூட்டுப் பட்டாவில் உள்ளதை முழுதும் எழுதாமல் தங்கள் பங்கை மட்டும் எழுத வேண்டும். நிலத்தின் மேலோ தறிப்பட்டறையின் மேலோ கடன் இருந்தால் அதற்குரிய கட்டத்தில் காட்டாவிட்டால் மொத்த விலையும் சொத்தாக நின்றுவிடும். விற்க முடியாத பாகப்பிரிவினைச் சிக்கல், மழை பொய்த்த ஆண்டு, ஆர்டர் நின்றுபோன பனியன் யூனிட் போன்றவற்றைச் சிறப்புச் சூழ்நிலை என்ற பகுதியில் நாலு வரியில், தொகையோடு எழுதலாம். சிட்டா, பட்டா போன்ற தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர வேண்டும்.

எம்.எஸ். என்ற முதுநிலைப் படிப்புக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. அங்கே உதவி கிடைத்தால், அது பெரும்பாலும் துறை தரும் உதவியாளர் பணி வழியாக வருவது.

நவம்பர் 1-ஆம் தேதியை ஒட்டிய முன்கூட்டிய விண்ணப்பங்களில் ‘இடம் கொடுத்தால் கட்டாயம் வருவேன்’ என்று கையெழுத்திடும் வகை ஒன்று உண்டு. நாலு இடத்து உதவித் தொகையை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அதில் போய்விடும். எந்த வகையானாலும் உதவிப் படிவமும் அதே மாதத்தில் போக வேண்டியிருக்கும். செப்டம்பரிலேயே ஆடிட்டரிடம் கணக்கை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
உயர்கல்வி விண்ணப்ப ஆலோசகர்கள்,
திருப்பூர்.