நொண்டும் கோழிக்குஞ்சுக்குக் கட்டுப் போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டளவில் கோழி வளர்ப்பவர்கள் பலரும், குஞ்சு ஒன்று நொண்டத் தொடங்கிய உடனே குச்சியும் துணியும் தேடிக் காலை இறுகக் கட்டிவிடுகிறார்கள். இல்லாவிட்டால், இனித் தேறாது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டுக்கும் முன்னால் ஐந்து நிமிடம் அந்தக் காலை நிதானமாகப் பார்த்தால் பல குஞ்சுகளைக் காப்பாற்றலாம்.

இதை என் தவற்றிலிருந்தே கற்றேன். மூன்று வாரக் குஞ்சு ஒன்றின் கால் கூட்டுக் கதவில் நசுங்கியது. அது காலை ஊன்றாமல் நிற்பதைக் கண்டு பதறி, எலும்பு முறிந்ததாக நானே முடிவு செய்து கட்டினேன். மாலையில் விரல்கள் கருநீலமாகி, தொட்டால் சில்லென்றிருந்தன. கட்டை அவிழ்த்து வெகுநேரம் கழித்தே நிறம் திரும்பியது. முறிவு எதுவும் இல்லை, வெறும் சுளுக்கு. நசுங்கியதால் வந்த கேட்டைவிட என் கட்டால் வந்த கேடுதான் பெரிது.

குஞ்சைத் துணியில் பொதிந்து, நல்ல வெளிச்சத்தில், இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நூலோ தலைமயிரோ காலைச் சுற்றி இறுகி, வீக்கத்துக்குள் புதைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது உண்டு. அதை வெட்டி எடுத்தாலே சில குஞ்சுகள் நடந்துவிடும். மூட்டு இல்லாத இடத்தில் கால் மடங்கினால் அது முறிவு. கணுக்கால் மூட்டு வீங்கி, அதன் பின்புறம் ஓடும் தசைநார் பக்கவாட்டில் நழுவியிருந்தால், தீவனத்தில் மாங்கனீசு அல்லது கோலின் குறைந்திருக்கக்கூடும். விரல்கள் உள்நோக்கிச் சுருண்டிருந்தால் வைட்டமின் பி2 குறைபாட்டைச் சந்தேகிக்கலாம். இந்தச் சத்துக் குறைபாடுகளை அடிபட்டதாக எண்ணிக் கட்டிவைப்பதால் பயனில்லை.

பொரித்துச் சில நாளே ஆன குஞ்சின் கால்கள் இருபுறமும் விரிந்து போவதற்குப் பெரும்பாலும் வழுக்கும் தரையே காரணம். தங்கள் நாளிதழ் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு என்றாலும், எந்த நாளிதழையும் குஞ்சுக் கூட்டில் விரிக்கக் கூடாது என்பதைத் தங்கள் பக்கத்திலேயே எழுத வேண்டியிருக்கிறது. சொரசொரப்பான துணியை விரித்து, இரு கால்களும் உடலுக்கு நேர்கீழே நிற்கும் அளவு இடைவெளி விட்டு, மென்மையான பட்டையால் தளர்வாக இணைக்க வேண்டும். முதல் சில நாட்களுக்குள் இதைச் செய்தால் கால்கள் நேராகிவிடுவது வழக்கம். தாமதித்தால் எலும்பு வளைந்தபடியே உறுதிப்பட்டுவிடும். பட்டை இறுகுகிறதா என்று தினமும் சிலமுறை பார்ப்பது கட்டாயம்.

சற்று வளர்ந்த குஞ்சு ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் நீட்டிப் படுத்தால் அது மேரக் என்னும் வைரஸ் நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை இல்லை. பொரித்தவுடன் போடும் தடுப்பூசிதான் வழி.

அடிபட்ட குஞ்சை மற்றவை கொத்தும், இரத்தம் கண்டால் விடவே விடா. ஆகவே பிரிக்க வேண்டும். ஆனால் தனித்துவிடப்பட்ட குஞ்சு ஓயாமல் கத்தித் தீனியை மறந்துவிடுவதால், இடையில் வலை மட்டும் வைத்துத் தோழமை கண்ணில் படும்படி விடுவது நல்லது. தண்ணீரும் தீவனமும் கழுத்தை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். தண்ணீர்த் தட்டு ஆழமில்லாததாக இருக்கட்டும். படுத்தே கிடப்பதால் எச்சம் ஆசனவாயில் ஒட்டி அடைத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைக்க வேண்டும். முதல் வாரக் குஞ்சுக்கு 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும் என்பதைக் காயத்தின் பரபரப்பில் மறந்துவிடுகிறோம்.

மனிதருக்கான வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது ஆபத்து. எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்தாலோ, தசைநார் நழுவியிருந்தாலோ, இரண்டு நாளாகியும் குஞ்சு காலை ஊன்றாவிட்டாலோ, தாமதியாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

இப்படிக்கு,
கோழி வளர்க்கும் வாசகர் ஒருவர்